மகப்பேறு விடுப்பு முடிந்தால் பவுடர் பால்தானா? சட்டம் தரும் நாட்களும் குழந்தைக்குத் தேவையான நாட்களும்

குழந்தைக்கு நாலரை மாதம். அடுத்த திங்கட்கிழமை அம்மா வேலையில் சேர வேண்டும். "இப்பவே பாட்டில் பழக்கிடு, அப்புறம் யாரு கையிலயும் குடிக்காது" என்கிறார்கள் வீட்டில். "ஆறு மாசம் வரைக்கும் தாய்ப்பால் மட்டும்தான், தண்ணிகூட வேண்டாம்" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள் ஆஸ்பத்திரியில். இரண்டுக்கும் நடுவில் தவிப்பது அம்மாதான்.

வேலைக்குப் போகும் பெண்கள் பலருக்கும் தெரிந்த காட்சி இது. இந்தச் சிக்கல் எங்கிருந்து வருகிறது? பவுடர் பாலுக்கு மாறியே தீர வேண்டும் என்றால் எதைக் கவனிக்க வேண்டும்?

26 வாரம் இருக்கே, ஏன் போதவில்லை?

முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் கொடுக்க வேண்டும், அதன்பிறகு இணை உணவோடு இரண்டு வயது வரையோ அதற்கு மேலுமோ தொடரலாம் என்பது உலக சுகாதார அமைப்பின் பரிந்துரை.

இந்தியாவில் 2017-ல் மகப்பேறு நலச் சட்டம் திருத்தப்பட்டு, ஊதியத்துடன் கூடிய விடுப்பு 12 வாரத்தில் இருந்து 26 வாரமாக உயர்ந்தது. 2020-ம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் இதே 26 வாரம்தான். கணக்குப் போட்டால் 182 நாள், அதாவது ஆறு மாதம். சரியாகத்தானே இருக்கிறது என்று தோன்றும்.

ஆனால் இந்த 26 வாரத்தில் 8 வாரம் வரை பிரசவத்துக்கு முன்பே எடுக்கலாம். உடல்நிலை காரணமாக முன்கூட்டியே விடுப்பில் போகும் பெண்ணுக்கு, குழந்தை பிறந்தபின் மிஞ்சுவது 18 வாரம். நாலு மாதத்துக்குக் கொஞ்சம் மேல், அவ்வளவுதான். ஏற்கெனவே இரண்டு குழந்தைகள் இருந்தால், அடுத்த பிரசவத்துக்கு மொத்தமே 12 வாரம்.

தமிழ்நாடு அரசு ஊழியர்களுக்கு 2021 ஜூலை முதல் 12 மாத விடுப்பு உண்டு. மறுபக்கம், வீட்டு வேலை, கட்டட வேலை, விவசாயக் கூலி என்று போகும் பெண்களுக்கு விடுப்பு என்ற பேச்சே இல்லை. அவர்களுக்கு டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி திட்டத்தின் 18,000 ரூபாய் உதவி கிடைக்கிறது. அது செலவுக்கு உதவும். ஆனால் ஆறு மாதம் வீட்டில் இருக்க அது போதாது.

வேலைக்குப் போனால் தாய்ப்பாலை நிறுத்தணுமா?

அவசியம் இல்லை. வேலைக்குத் திரும்பிய தாய்க்கு, குழந்தைக்கு 15 மாதம் ஆகும்வரை, வழக்கமான ஓய்வு நேரம் போக தினமும் இரண்டு பாலூட்டும் இடைவேளை தர வேண்டும் என்கிறது சட்டம். 50 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் நிறுவனத்தில் குழந்தைகள் காப்பகம் இருக்க வேண்டும். தாய் ஒரு நாளில் நான்கு முறை அங்கே போய்வரலாம். பலர் இதைக் கேட்பதே இல்லை. காரணம், இப்படி ஓர் உரிமை இருப்பதே தெரியாது.

பாலைப் பீய்ச்சி வைத்துக் கொடுப்பது இன்னொரு வழி. சுத்தமான, மூடியுள்ள பாத்திரத்தில் எடுத்த பால் 25 டிகிரி வரையிலான வெப்பத்தில் 4 மணி நேரம் தாங்கும். நம்ம ஊர் வெயிலுக்கு அதை நம்ப முடியாது, உடனே ஃபிரிட்ஜில் வைப்பதே நல்லது. அங்கே 4 நாள் வரை இருக்கும். கொடுக்கும்போது அடுப்பில் காய்ச்சக் கூடாது, வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்துச் சூட்டை ஏற்றினால் போதும்.

பவுடர் பால்தான் வழி என்றால்?

சிலருக்கு வேறு வழி இருக்காது. அதில் குற்ற உணர்ச்சிக்கு இடமில்லை. ஆனால் மாற்றம் ஒரே நாளில் நடக்கக் கூடாது. குழந்தைநல மருத்துவரிடம் கேட்டுவிட்டு, வேலைக்குச் சேர இரண்டு மூன்று வாரம் முன்பே தொடங்கலாம். முதலில் பகலில் ஒரு வேளை மட்டும். சில நாள் கழித்து இரண்டாவது வேளை. காலையிலும் இரவிலும் தாய்ப்பாலைத் தொடரலாம்.

திடீரென நிறுத்தினால் மார்பில் பால் கட்டி வலி, காய்ச்சல் வரை போகலாம். ஒரு பகுதி சிவந்து, சூடாகி, காய்ச்சலும் வந்தால் டாக்டரைப் பார்க்க வேண்டும்.

அம்மா கொடுத்தால் குழந்தை பாட்டிலைத் தள்ளிவிடும். அம்மாவின் வாசனை தெரிந்தால் அது பழகிய பாலைத்தான் தேடும். முதல் சில நாள் அப்பாவோ பாட்டியோ கொடுத்துப் பார்ப்பது பலருக்குக் கைகொடுக்கிறது. அதுவும் அகோரப் பசியில் அழும் நேரத்தில் வேண்டாம், லேசாகப் பசிக்கத் தொடங்கும் நேரம்தான் சரி.

கலக்கும்போது நடக்கும் தவறுகள்

பெரிய ஆபத்து, தண்ணீரைக் கூட்டுவது. இதற்குக் காரணம் விலை. ஆறு கிலோ எடையுள்ள குழந்தை முழுக்கப் பவுடர் பாலையே நம்பியிருந்தால், ஒரு நாளைக்குச் சுமார் 900 மில்லி தேவைப்படும். 400 கிராம் டப்பா மூன்று நாள்தான் வரும். மாதத்துக்குப் பத்து டப்பா. கட்டுப்படியாகாத வீட்டில் ஒரு கரண்டி பவுடர் குறையும், தண்ணீர் கூடும். குழந்தையின் வயிறு நிறையும், எடை ஏறாது. டப்பாவில் போட்டிருக்கும் அளவு, அதனுடன் வரும் கரண்டியில் தலைதட்டி. கூடவும் கூடாது, குறையவும் கூடாது.

இரண்டாவது, பவுடர் கிருமியே இல்லாத பொருள் அல்ல. அதனால் கொதித்த தண்ணீர் 70 டிகிரிக்குக் கீழே ஆறுவதற்குள் பவுடரைச் சேர்க்கச் சொல்கிறது உலக சுகாதார அமைப்பு. கொதித்து அரை மணி நேரத்துக்குள் கலந்துவிட வேண்டும். பிறகு ஆறவைத்து, கை மணிக்கட்டில் விட்டுப் பார்த்துக் கொடுக்கலாம்.

மூன்றாவது, ராத்திரிக்கு என்று கலந்து ஃபிளாஸ்கில் வைப்பது. அந்த இளஞ்சூடு கிருமி வளரத் தோதான சூடு. கலந்த பாலை 2 மணி நேரத்துக்குள் கொடுத்துவிட வேண்டும். குழந்தை குடித்து மிச்சம் வைத்ததை எடுத்து வைக்கக் கூடாது. வெந்நீரை மட்டும் ஃபிளாஸ்கில் வைத்து, அழும்போது கலப்பதே பாதுகாப்பு.

ஒரு வயதுக்கு முன்பு, பவுடருக்குப் பதிலாக மாட்டுப்பாலில் தண்ணீர் கலந்து கொடுப்பதும் சரியான மாற்று அல்ல.

பாட்டிலா, பாலாடையா?

நம்ம வீட்டுப் பழைய பாலாடைக்கும் சங்குக்கும் ஒரு பெரிய சாதகம் உண்டு. திறந்த வாய், இடுக்கு இல்லை, கழுவிக் கொதிக்க வைப்பது சுலபம். பாட்டிலின் கழுத்திலும் நிப்பிளிலும் பால் தங்கும், பிரஷ் போட்டுத் தேய்த்துக் கொதிக்க வைக்காவிட்டால் வயிற்றுப்போக்கு வரும். எதில் கொடுத்தாலும் குழந்தையைத் தலை உயர்த்திப் பிடித்து, மெதுவாகக் கொடுக்க வேண்டும். படுக்க வைத்து ஊற்றக் கூடாது.

பால் போதுகிறதா என்று பார்க்க, ஒரு நாளில் ஆறு முறையாவது சிறுநீர் போகிறதா, எடை ஏறுகிறதா என்று கவனித்தால் போதும். மலத்தில் ரத்தம், உடம்பில் தடிப்பு, தொடர் வாந்தி இருந்தால் தாமதிக்கக் கூடாது.

டிவியில் ஏன் இதற்கு விளம்பரம் வருவதில்லை?

1992-ல் வந்து 2003-ல் திருத்தப்பட்ட சட்டம் ஒன்று, பால் பவுடர், பீடிங் பாட்டில், இரண்டு வயது வரையிலான குழந்தை உணவு ஆகியவற்றின் விளம்பரத்தைத் தடை செய்கிறது. டப்பாவில் குழந்தை படமோ தாய் படமோ போடக் கூடாது. தாய்மார்களுக்கு இலவச மாதிரி தருவதும் குற்றம். மீறினால் 3 ஆண்டு வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும்.

விளம்பரத்தைப் பார்த்து யாரும் தாய்ப்பாலை நிறுத்திவிடக் கூடாது என்பது இதன் நோக்கம். ஆனால் நாலரை மாதத்தில் வேலைக்குத் திரும்பும் பெண் விளம்பரம் பார்த்துப் பாட்டிலை எடுப்பதில்லை, விடுப்பு தீர்ந்ததால் எடுக்கிறார். 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி, நாட்டில் ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளில் தாய்ப்பால் மட்டும் குடிப்பவர்கள் 63.7 சதவீதம். இது உயர வேண்டும் என்றால் தாய்மார்களுக்கு அறிவுரை மட்டும் போதாது. இடைவேளையும் காப்பகமும் சட்டப் புத்தகத்தில் இருந்து வேலை இடத்துக்கு வந்தாக வேண்டும்.