காற்றலையைக் கூறுபோடும் அதிகாரம் யாருடையது?

5ஜி என்றால் வேகம் என்று மட்டுமே மக்களுக்குச் சொல்லப்பட்டிருக்கிறது. தொலைத்தொடர்பு முதலாளிகள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் சொல் வேறு: ‘நெட்வொர்க் ஸ்லைசிங்’. ஒரே கோபுரத்தையும் ஒரே அலைக்கற்றையையும் பல தனித்தனி வலைப்பின்னல்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் வெவ்வேறு தரமும் வெவ்வேறு விலையும் வைப்பதே இது. கூறுபோடுதல் என்று தமிழில் சொன்னால் பொருள் சரியாகவே விளங்கும். சந்தையில் மீனைக் கூறுபோடுகிறவர் அந்த மீனை விலைகொடுத்து வாங்கியவர். காற்றலை யாருடைய மீன்?

உச்சநீதிமன்றம் 1995லேயே இதற்கு விடை கூறிவிட்டது. காற்றலைகள் பொதுச்சொத்து, பொதுநலனுக்காக, பொது அமைப்பு ஒன்றின் கட்டுப்பாட்டில் அவை பயன்படுத்தப்பட வேண்டும் என்பதே அந்தத் தீர்ப்பின் சாரம். ‘ஏலத்தில் பணம் கட்டியிருக்கிறோமே’ என்பார்கள். 2022 ஏலத்தின் மொத்தத் தொகை ரூ.1,50,173 கோடி. அதையும் 20 ஆண்டுத் தவணைகளில் கட்டலாம் என்று ஒன்றிய அரசு சலுகை அளித்தது. அவர்கள் பெற்றது 20 ஆண்டுகளுக்கான பயன்பாட்டு உரிமை மட்டுமே, உடைமை அல்ல.

ஒரு கோபுரத்தின் கொள்ளளவுக்கு எல்லை உண்டு. 100 மெகாஹெர்ட்ஸ் அகலமுள்ள 5ஜி அலைவரிசையை வழக்கமான அமைப்பில் 273 சிறு கட்டங்களாகப் பங்கிடலாம். அந்தப் பகுதியின் கைபேசிகள் அனைத்தும் இந்த 273 கட்டங்களுக்குள்தான் இயங்கியாக வேண்டும். எந்தக் கூறுக்கு எத்தனை கட்டம் என்பதை சர்வதேசத் தரவிதிகளின்படி மூன்று எண்கள் தீர்மானிக்கின்றன: அதிகபட்ச வரம்பு, குறைந்தபட்ச உறுதி, தனி ஒதுக்கீடு. முதல் இரண்டில் பெரிய வில்லங்கமில்லை. குறைந்தபட்ச உறுதி அளிக்கப்பட்ட கூறு பயன்படுத்தாத கட்டங்களைப் பிறர் எடுத்துக்கொள்ள இடமுண்டு. தனி ஒதுக்கீட்டில் அதற்கு இடமில்லை. காலியாகக் கிடந்தாலும் வேறு யாரும் தொடக்கூடாது. எடுத்துக்காட்டாக, ஒரு தொழிற்பேட்டைக்கு 30 சதவீதம் தனி ஒதுக்கீடு என்று வைத்துக்கொள்வோம். ஏறத்தாழ 82 கட்டங்கள் போய்விடும். இரவில் ஆலை உறங்கும்போது அந்த 82 கட்டங்களும் உறங்கும். பக்கத்துக் குடியிருப்பில் பாடம் படிக்கும் மாணவி மிச்சமுள்ள 191இல் நெருக்கியடித்துக்கொண்டிருப்பாள். அவளும் கட்டணம் செலுத்தியவள்தான்.

இந்த எண்களை எழுதுவது யார்? இங்குதான் ‘ஓப்பன் ரான்’ என்ற திறந்த வானொலி வலைப்பின்னல் நுழைகிறது. முன்பு கோபுரத்தின் கருவிகளும் மென்பொருளும் ஒரே நிறுவனத்தின் மூடிய பெட்டிக்குள் இருந்தன. அந்தப் பெட்டியைப் பிரித்து, எவருடைய கருவியும் எவருடைய மென்பொருளோடும் இணையலாம் என்பது திறந்த முறையின் வாக்குறுதி. இதன் மேல் ஒரு கட்டுப்பாட்டு மூளை அமர்த்தப்படுகிறது. அதன் ஒரு பகுதி கூறுகளுக்கான கொள்கையை வகுக்கிறது. மற்றொரு பகுதி 10 மில்லிவினாடி முதல் ஒரு வினாடிக்குள் அதை நிறைவேற்றுகிறது. ஆக, பங்கீடு என்ற அரசியல் முடிவு கண்ணிமைக்கும் நேரத்தில் ஒரு தனியார் மென்பொருளால் எடுக்கப்படுகிறது. இணைப்புகள் திறந்திருக்கின்றன, கொள்கை பூட்டிக் கிடக்கிறது.

ஏகபோகத்தை உடைக்கும் என்ற பேச்சும் எடுபடவில்லை. 2018இல் ஓ-ரான் கூட்டணியைத் தொடங்கிய ஐந்து நிறுவனங்களுள் ஒன்று அமெரிக்காவின் ஏடி அண்டு டி. திறந்த முறைக்கு மாறுவதாகச் சொல்லி 2023 டிசம்பரில் ஏறத்தாழ 1,400 கோடி டாலர் ஒப்பந்தத்தை அது யாருக்குக் கொடுத்தது? பழைய எரிக்சனுக்கே! அமெரிக்க அரசு 2022ஆம் ஆண்டுச் சட்டத்தில் இதற்கென 150 கோடி டாலர் ஒதுக்கியதன் நோக்கமும் போட்டியை வளர்ப்பதல்ல. சீன நிறுவனங்களை உலகச் சந்தையிலிருந்து விரட்டுவதே. குவாட் அறிக்கைகளில் ஓப்பன் ரான் இடம்பெறுவது தற்செயலா?

2016இல் ஃபேஸ்புக்கின் ‘ஃப்ரீ பேசிக்ஸ்’ திட்டத்தை நாட்டு மக்கள் போராடி முறியடித்தார்கள். அந்த ஆண்டு பிப்ரவரி 8 அன்று பாகுபாடான கட்டணங்களுக்கு டிராய் தடை விதித்தது. 2017 நவம்பரில் இணைய சமவாய்ப்புக்கான பரிந்துரைகளும் வந்தன. ஆனால் ‘சிறப்புச் சேவைகள்’ என்ற பெயரில் ஒரு விலக்கும் அவற்றில் சேர்க்கப்பட்டது. அவை பொது இணையச் சேவையின் தரத்தைக் கெடுக்கக்கூடாது என்று நிபந்தனை உண்டு, நல்ல நிபந்தனைதான். எந்தக் கூறுக்கு எத்தனை கட்டம் என்று தெரியாமல், கெட்டதா கெடவில்லையா என்று எவரால் சரிபார்க்க முடியும்? கட்டணத்தில் பாகுபாடு காட்டினால் ரசீதில் தெரியும். காற்றில் காட்டினால் ‘இன்று நெட் ஸ்லோ’ என்று மக்கள் கைபேசியைத் தட்டிக்கொண்டிருப்பார்கள்.

ஆம்புலன்ஸும் பொழுதுபோக்குக் காணொலியும் ஒன்றா என்று கேட்கிறார்கள். ஒன்றல்ல. மருத்துவமனைக்கும் ரயில்வேக்கும் புயல் மீட்புப் பணிக்கும் தனிக் கூறு வேண்டும் என்பதில் இடதுசாரிகளுக்கு மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் ஆம்புலன்ஸை முன்னே நிறுத்தி அதன் பின்னே வருவது எது? தன் வீட்டு இணைய வணிகமான ஏர்ஃபைபரை ஜியோ தனிக் கூறில்தான் நடத்துகிறது. பங்கிடுபவரே பந்தியிலும் அமர்ந்திருக்கிறார்.

மக்களுக்காகப் பங்கிடக்கூடிய பொதுத்துறையை ஒன்றிய அரசு என்ன செய்தது? 2020 ஜனவரி 31 அன்று ஒரே நாளில் 78,000க்கும் மேற்பட்ட பிஎஸ்என்எல் ஊழியர்கள் விருப்ப ஓய்வின் பெயரால் வெளியேற்றப்பட்டார்கள். அதே ஆண்டு அதன் 4ஜி ஒப்பந்தப்புள்ளி ரத்தானது. எரிக்சன், நோக்கியா, சாம்சங் கருவிகளைத் தனியார் தாராளமாக வாங்கினார்கள். உள்நாட்டுக் கருவிதான் என்ற கட்டளை பிஎஸ்என்எல்லுக்கு மட்டும். தனியார் 5ஜி வந்து மூன்றாண்டுகள் கழித்து, 2025 செப்டம்பர் 27 அன்றுதான் அதன் உள்நாட்டு 4ஜி நாடு தழுவித் தொடங்கப்பட்டது.

தனி ஒதுக்கீட்டுக்குச் சட்டப்படி உச்சவரம்பு வேண்டும். ஒவ்வொரு கோபுரத்திலும் அந்த மூன்று எண்கள் என்னவென்று நிறுவனங்கள் டிராயிடம் தாக்கல் செய்ய வேண்டும். டிராய் அதைத் தன் இணையதளத்தில் எவரும் பார்க்கும்படி வெளியிட வேண்டும். வணிக ரகசியம் என்று மறுப்பார்கள். பொதுச்சொத்தைப் பங்கிட்ட கணக்கில் எந்த வணிகத்தின் ரகசியம் இருக்கிறது?