வாங்காத ஆஸ்கரும் வழக்காடும் கட்டுரையாளரும்

ஹாலிவுட் திரைக்கதை எழுத்தாளர் டால்டன் டிரம்போவைத் தியாகியாக்காதீர்கள், கம்யூனிஸ்ட் என்று சந்தேகிக்கப்பட்டவர்களுக்கு வேலை மறுத்த தடைப்பட்டியலில் இருந்தபோதே இரண்டு ஆஸ்கர் வாங்கியவர் எதை இழந்தார் என்று கேட்கிறார் ஒரு கட்டுரையாளர். ‘வாங்கியவர்’ என்ற சொல்லிலேயே பொய் தொடங்கிவிடுகிறது. ‘ரோமன் ஹாலிடே’ கதைக்கான விருது, பெயரை இரவல் தந்த நண்பர் இயன் மெக்லெலன் ஹண்டருக்குப் போனது. ‘தி பிரேவ் ஒன்’ கதைக்கான விருதை 1957இல் ராபர்ட் ரிச் என்ற பெயருக்கு அறிவித்தார்கள். எழுதியவர் மேடைப் பக்கமே போக முடியாது.

வருமானம் நின்றுவிடவில்லையே என்பது அடுத்த வாதம். தடைக்கு முன் எம்.ஜி.எம். நிறுவனத்தில் ஒரு திரைக்கதைக்கு 75,000 டாலர் பெற்றவர் அவர். தடைக்குப் பின் ‘கன் கிரேஸி’ படத்துக்குத் தயாரிப்பாளர்களான கிங் சகோதரர்கள் கொடுத்தது 3,750 டாலர். இருபதில் ஒரு பங்கு! அதிலும் திரையில் வந்தது வேறொருவர் பெயர். லாஸ் ஏஞ்சலஸ் ரொட்டி ஆலையில் வருடக்கணக்காக இரவு வேலை பார்த்துக்கொண்டே எழுதப் பழகிய மனிதரின் உழைப்பை அடிமாட்டு விலைக்கு வாங்கியதை, ‘பிழைக்க வழி விட்டார்கள்’ என்று எழுதக் கை எப்படி வந்தது?

1947இல் கம்யூனிஸ்ட் தொடர்புகளைத் துருவிய அமெரிக்க நாடாளுமன்ற விசாரணைக் குழு கேட்டதற்குப் பதில் சொல்லியிருந்தால் தப்பித்திருப்பாராம். ஒருவர் எந்தக் கட்சியில் இருக்கிறார் என்று கேட்க அரசுக்கு உரிமை இல்லை என்பதற்காகத்தானே அவர் கென்டக்கியின் ஆஷ்லண்ட் சிறையில் பத்து மாதம் கிடந்தார்? 1943இல் அவர் கம்யூனிஸ்ட் கட்சியில் சேர்ந்தது உண்மை. அது குற்றமல்ல. தன் ‘ஜானி காட் ஹிஸ் கன்’ நாவலைக் கேட்டுக் கடிதம் எழுதியவர்களைப் பற்றி, போர்க்காலத்தில் எஃப்.பி.ஐ.யிடம் அவரே சொன்னார் என்பதையும் கட்டுரையாளர் தூக்கிப் பிடிக்கிறார். அது தவறுதான், எனக்கும் அது உறுத்துகிறது. ஆனால் அந்தத் தவறுக்கும் தடைப்பட்டியலுக்கும் என்ன தொடர்பு? ஹாலிவுட் முதலாளிகள் அவரை விரட்டியது அந்தக் கடிதங்களுக்காக அல்ல, குழுவின் முன் பணியாததற்காக.

கடைசியில் எல்லாம் திரும்பக் கிடைத்ததே என்று முடிக்கிறார். 1960இல் ‘ஸ்பார்டகஸ்’, ‘எக்ஸோடஸ்’ படங்களில் பெயர் வந்தது. ‘தி பிரேவ் ஒன்’ சிலை 1975இல் கைக்கு வந்தது. அடுத்த ஆண்டு இறந்துவிட்டார். ‘ரோமன் ஹாலிடே’ சிலையை 1993இல் அவர் மனைவி கிளியோ வாங்கினார். அந்தப் படத்தின் எழுத்தாளர் பட்டியலில் எழுத்தாளர் சங்கம் அவர் பெயரைச் சேர்த்தது 2011 டிசம்பரில். அதற்காகப் போராடிய மகன் கிறிஸ்டஃபர் அதே ஆண்டு ஜனவரியில் காலமாகியிருந்தார்.