புதுச்சேரியில் இரண்டான நட்சத்திரம்

சூரியனை விட்டுவிட்டால், வெறுங்கண்ணுக்குத் தெரிகிற நட்சத்திரங்களில் நமக்கு மிக அருகில் இருப்பது ஆல்பா செண்டாரி. இரவு வானத்தின் பிரகாசமான நட்சத்திரங்களில் அதற்கு மூன்றாவது இடம். தமிழ்நாட்டில் அதை நன்றாகவே பார்க்கலாம். டெல்லியில் அடிவானத்தை உரசிக்கொண்டு போய்விடும். பாரிஸிலும் லண்டனிலும் அது உதிப்பதே இல்லை. அந்த நட்சத்திரம் உண்மையில் இரண்டு என்பது உலகுக்கு முதலில் தெரியவந்த இடம், நம் புதுச்சேரி.

கண்டவர் ழான் ரிஷோ, பிரெஞ்சு இயேசு சபைப் பாதிரியார். கணிதமும் வானியலும் கற்ற பாதிரியார்கள் சிலரை மன்னர் பதினான்காம் லூயி 1687-ல் சயாமுக்கு அனுப்பினார். அங்கே மன்னர் நாராய் வானாய்வு நிலையம் அமைக்க ஆர்வமாக இருந்தார். அடுத்த ஆண்டே அரசு மாறியது; நாராய் இறந்தார்; பிரெஞ்சுக்காரர்கள் வெளியேற வேண்டியதாயிற்று. ரிஷோ புதுச்சேரி வந்து சேர்ந்தார். பிரான்சுவா மார்த்தேன் காலூன்றிப் பதினைந்து ஆண்டுகளே ஆகியிருந்த சின்னக் குடியிருப்பு அது. ரிஷோவிடம் பன்னிரண்டு அடி நீளத் தொலைநோக்கி ஒன்று இருந்தது.

1689 டிசம்பரில் ஒரு வால்நட்சத்திரம் தோன்றியது. அந்த மாதத்தில் ஆல்பா செண்டாரி விடிவதற்குச் சற்று முன்புதான் தென்கிழக்கில் கடலுக்கு மேலே ஏறிவரும். வால்நட்சத்திரத்தைக் கவனித்துவந்த ரிஷோ, தொலைநோக்கியில் இதையும் பார்த்தார். கண்ணுக்கு ஒன்றாக இருந்தது, வில்லைக்குள் இரண்டாக நின்றது. தொலைநோக்கியைக் கொண்டு இந்திய மண்ணிலிருந்து செய்யப்பட்ட முதல் வானியல் கண்டுபிடிப்பாகச் சொல்லப்படுவது இதுதான். புதுச்சேரி கடற்கரைச் சாலையில் துய்ப்ளேக்சுக்குச் சிலை இருக்கிறது. நாடு பிடிக்க வந்தவருக்குச் சிலை இருக்கிற தெருவில், வானம் பார்த்தவருக்கு ஒரு பலகையாவது வேண்டும். தமிழிலும் பிரெஞ்சிலும் நான்கு வரி போதும்.

அருகருகே தெரிகிற இரண்டு நட்சத்திரங்கள் ஜோடியாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை; ஒன்று முன்னாலும் மற்றது வெகு பின்னாலும் இருந்து, நம் பார்வைக்கு ஒட்டி நிற்கலாம். ஈர்ப்புவிசையால் ஒன்றையொன்று சுற்றும் உண்மையான இரட்டைகள் உண்டு என்று வில்லியம் ஹெர்ஷல் நிறுவியது 1803-ல், ரிஷோவுக்கு நூறு ஆண்டுகளுக்கு மேல் கழித்து. ஆல்பா செண்டாரியின் தூரத்தை அறிவதற்கான அளவீடுகளை 1832, 33-ல் நன்னம்பிக்கை முனையில் எடுத்தவர் தாமஸ் ஹெண்டர்சன். கையில் கணக்கு இருந்தும் வெளியிடத் தயங்கினார். அதற்குள் பெசல் வேறொரு நட்சத்திரத்தின் தூரத்தை 1838-ல் அறிவித்துவிட, ஹெண்டர்சனின் முடிவு 1839-ல்தான் வெளிவந்தது. இந்தக் கதையில் சென்னைக்கும் பங்குண்டு. மாநிலக் கல்லூரியின் முதல் முதல்வராக இருந்த ஈ.பி. பவல், சென்னையிலிருந்தே இந்த இரட்டையை அளந்து, அதன் சுற்றுப்பாதையைக் கணக்கிட்டு வெளியிட்டார்.

இன்று நமக்குத் தெரிவது இது. இரண்டில் பெரியது சூரியனின் இனம். எடையில் சூரியனைவிடக் கொஞ்சம் அதிகம். மற்றது சற்றுச் சிறியது, நிறம் ஆரஞ்சு. ஒரு சுற்று முடிய ஏறக்குறைய 80 ஆண்டுகள்: சதாபிஷேகம் காணும் மனிதர் பிறந்ததிலிருந்து அவை ஒரே ஒரு முறைதான் சுற்றியிருக்கும். ரிஷோ பார்த்த பிறகு நான்கு சுற்று முடித்து, இப்போது ஐந்தாவதில் இருக்கின்றன. பாதை நீண்ட நீள்வட்டம். நெருங்கும்போது இரண்டுக்கும் இடையே சூரியன் – பூமி தூரத்தைப் போல 11 மடங்கு. விலகும்போது 36 மடங்கு, அதாவது நெப்டியூனையும் தாண்டிய இடைவெளி. கடைசியாக மிக நெருங்கியது 1955-ல்; அடுத்தது 2035-ல்.

சென்ற மே மாதம் குமரி மாவட்டக் கடலோரத்தில், ஆசிரியராக இருக்கும் நண்பர் தம் மாணவர்களுக்கு இதைக் காட்டினார். 70 மில்லிமீட்டர் வில்லை கொண்ட சின்னத் தொலைநோக்கி. தாழ்வான நட்சத்திரம், கடல்காற்று வேறு. பிம்பம் நடுங்கியது, பரந்தது, ஒரு நொடி அடங்கியது. அந்த நொடியில் மஞ்சளாக ஒரு புள்ளியும், ஒட்டினாற்போல் கொஞ்சம் மங்கிச் சிவந்த இன்னொன்றும் தெளிவாகப் பிரிந்து நின்றன. ஒன்பதாம் வகுப்பு முடித்த மாணவி ஒருத்தி கண்ணை எடுக்காமலே கேட்டாள்: “ரெண்டு இருக்கு சார்! அங்கிருந்து பார்த்தா நம்ம சூரியன் தெரியுமா?”

தெரியும். காசியோப்பியா நட்சத்திரக் கூட்டத்தை ஒட்டி, நல்ல பிரகாசமான ஒரு நட்சத்திரமாகத் தெரியும். அவள் கண்ணுக்குள் போன ஒளி அங்கிருந்து புறப்பட்டபோது அவள் ஐந்தாம் வகுப்பில் இருந்தாள். தூரம் 4.37 ஒளியாண்டு, கிலோமீட்டரில் 41 லட்சம் கோடி. வாயேஜர் 1 விண்கலத்தின் வேகத்தில் போனால் 70 ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் ஆகும்.

‘சூரியனுக்கு அடுத்தபடியாகப் பூமிக்கு அருகில் உள்ள நட்சத்திரம் எது?’ என்று வினாடி வினாவில் கேட்டால், நம் பிள்ளைகள் ‘ப்ராக்சிமா செண்டாரி’ என்று தயங்காமல் சொல்கிறார்கள். சரியான விடைதான். அது இந்த இரட்டையரைச் சேர்ந்த மூன்றாவது உறுப்பினர், 4.24 ஒளியாண்டு தூரம். 1915-ல் ராபர்ட் இன்னஸ் கண்டுபிடித்தது. ஆனால் தொலைநோக்கி இல்லாமல் யாராலும் அதைப் பார்க்க முடியாது. பார்க்க முடியாததன் பெயரை மனப்பாடம் செய்யவைத்துவிட்டு, தெற்கே சுடர்விடும் இரட்டையரை நாம் காட்டாமலே விடுகிறோம். எனக்கு இது பெரிய இழப்பாகப் படுகிறது.

காட்டுவது எளிது. மே மாத நடுவில் இரவு பதினோரு மணி, ஜூன் தொடக்கத்தில் பத்து மணி, ஜூலை தொடக்கத்தில் எட்டு மணி. நேர் தெற்கே திரும்பிக் கையை நீட்டி முஷ்டி பிடித்தால், அந்த அகலம் சுமார் 10 பாகை. சென்னையில் அடிவானத்திலிருந்து ஒன்றரை முஷ்டி உயரத்தில், குமரியில் இரண்டு முஷ்டி உயரத்தில், பிரகாசமான இரண்டு நட்சத்திரங்கள் அக்கம்பக்கமாக நிற்கும். இடது பக்கம் இருப்பது ஆல்பா செண்டாரி. வலது பக்கத்து பீட்டா செண்டாரி பார்வைக்குத்தான் பக்கத்து வீடு. அது கிட்டத்தட்ட தொண்ணூறு மடங்கு தொலைவில் இருக்கிறது. இன்னும் வலப்புறம் போனால் தென்சிலுவை.

வெறுங்கண்ணால் ஆல்பா செண்டாரியைப் பிரித்துப் பார்க்க முடியாது. நம் கண்ணுக்கு ஏறக்குறைய 60 விகலை (ஒரு பாகையில் 3,600 விகலை) இடைவெளி வேண்டும். இந்த ஜோடி எவ்வளவு விலகினாலும் 22 விகலைதான். 2016-ல் வெறும் 4 விகலையாக நெருங்கித் தெரிந்தவை, இப்போது அதைவிட இரு மடங்குக்கு மேல் விலகிவிட்டதால் சின்னத் தொலைநோக்கிக்கே அகப்படுகின்றன. கண்ணால் பிரிக்கக்கூடிய ஜோடி வேண்டுமென்றால் அதே இரவில் வடக்கே திரும்புங்கள்: வசிஷ்டரும் அருந்ததியும் நல்ல உயரத்தில் இருப்பார்கள்.

ஆசிரியர்களுக்கும் பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். தெற்குப் பக்கம் மறைப்பில்லாத மொட்டைமாடியோ கடற்கரையோ இருந்தால் போதும், இந்தக் கோடை விடுமுறையில் ஓர் இரவு பிள்ளைகளை விழித்திருக்க விடுங்கள். அருகில் அறிவியல் இயக்கத்தார் தொலைநோக்கியோடு வருகிறார்கள் என்றால் கட்டாயம் அழைத்துப் போங்கள்.