இரவிலும் சுடும் சுவர்



வெயில் காலத்தில் ஒரு நாள், இரவு எட்டு மணிக்கு மேல், உங்கள் வீட்டின் மேற்குச் சுவரில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். சூரியன் மறைந்து வெகு நேரம் ஆகியும் சுவர் சுடும். பிறகு வெளியே போய், ஒரு மரத்தடி மண்ணைத் தொட்டுப் பாருங்கள். மண் ஆறிப் போயிருக்கும். இரண்டும் ஒரே ஊரில், ஒரே வெயிலில் கிடந்தவைதானே? பிறகு ஏன் இந்த வித்தியாசம்?

"இப்போதெல்லாம் வெயில் தாங்க முடியவில்லை" என்று பெரியவர்கள் சொல்லும்போது வானத்தைப் பார்த்துத்தான் பெருமூச்சு விடுகிறார்கள். உலகம் முழுவதும் காற்று சூடேறி வருவது உண்மைதான். ஆனால், அதற்கு மேல் நம் ஊர் தானே கூட்டிக்கொள்ளும் சூடு ஒன்று இருக்கிறது. அதைப் பற்றித்தான் இன்று உங்களிடம் சொல்லப் போகிறேன்.

இதை முதலில் கவனித்தவர்களில் ஒருவர் லூக் ஹோவர்டு. லண்டனில் மருந்துப் பொருள்கள் தயாரித்து விற்றவர். மேகங்களுக்கு இன்று அறிவியல் பாடத்தில் நாம் படிக்கும் பெயர்களை வைத்தவரும் அவரே! லண்டன் நகருக்குள்ளும் வெளியே கிராமப்புறத்திலும் வெப்பநிலையை ஒப்பிட்டு, இரவில் நகரம்தான் அதிகச் சூடாக இருக்கிறது என்று 1818-ஆம் ஆண்டிலேயே புத்தகம் எழுதினார். இன்று இதை 'நகர வெப்பத் தீவு' என்கிறார்கள். சுற்றிலும் குளிர்ந்த வயல்வெளி, நடுவில் சூடான ஊர். கடலுக்கு நடுவே தீவு மாதிரி!

"லண்டன், சென்னை போன்ற பெரிய நகரங்களுக்கு அது சரி, நம் காரைக்காலுக்கு என்ன?" என்று கேட்பீர்கள். நம்முடையது சின்ன மாவட்டம்தான். சுமார் 160 சதுர கிலோமீட்டர். ஆனால், 2001-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சுமார் 1,70,000 பேர் இருந்தோம். 2011-இல் இரண்டு லட்சத்தைத் தாண்டிவிட்டோம். இத்தனை பேருக்கும் வீடு வேண்டும். சம்பா விளைந்த வயலில் கப்பி கொட்டி, கல் நட்டு, கொடி கட்டி 'மனைகள் விற்பனைக்கு' என்று பலகை வைப்பதைப் பேருந்தில் போகும்போது நீங்களே பார்த்திருப்பீர்கள்.

வயல் எப்படிக் குளிர்ச்சி தருகிறது? நீர் ஆவியாவதால்தான். ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக எவ்வளவு வெப்பத்தை உறிஞ்சும் தெரியுமா? பனிக்கட்டி போல் குளிர்ந்த ஐந்து லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்க எவ்வளவு வெப்பம் வேண்டுமோ, அதைவிடவும் அதிகம்! இந்த வெப்பத்தை எல்லாம் தண்ணீர் எங்கிருந்து எடுக்கிறது? காற்றிலிருந்தும் மண்ணிலிருந்தும்தான். மரத்தின் இலைகளும் இதே வேலையைச் செய்கின்றன. கூடவே நிழலும் தருகின்றன.

கெட்டிக்காரப் பிள்ளை ஒருவர் இங்கே எழுந்து, "அக்னி நட்சத்திரத்தில் வயல் காய்ந்துதானே கிடக்கிறது?" என்று கேட்கலாம். சரியான கேள்வி. நாம் காவிரியின் கடைமடை. சம்பா அறுத்து, உளுந்து, பயறும் எடுத்த பிறகு மே மாதத்தில் வயல் வெடித்துக் கிடக்கும். பகலில் அதுவும் நன்றாகவே சுடும். ஆனால், சூரியன் சாய்ந்ததும் திறந்த வயல் சீக்கிரம் ஆறிவிடும். கான்கிரீட்டும் தாரும் அப்படியல்ல. பகல் முழுக்க வாங்கி வைத்த சூட்டை இரவெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக விடும். பக்கத்தில் பக்கத்தில் சுவர்கள் இருந்தால், ஒரு சுவர் விடும் சூட்டை இன்னொரு சுவர் வாங்கிக்கொள்ளும். அதனால்தான் ஊர்ச் சூடு பகலைவிட இரவில் அதிகமாகத் தெரிகிறது. பகலில் வெயிலில் உழைத்தவர்கள் இரவிலாவது உடம்பு ஆறி உறங்க வேண்டாமா? அதிலும் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே படுப்பவர்களை நினைத்துப் பாருங்கள். குளிர்சாதனப் பெட்டி வைத்திருக்கும் வீட்டார் உள்ளே குளுகுளுவென்று தூங்குவார்கள். அந்தப் பெட்டியின் வெளிப்பாகம் சந்தில் ஊதும் அனல் அடுத்த வீட்டு ஜன்னலுக்குத்தான் போகிறது!

வயல் காய்ந்தாலும் கோடையில் நமக்குக் கைகொடுக்கக் கூடியது குளம். அரசலாறு, நாட்டாறு, வாஞ்சியாறு, நூலாறு, திருமலைராயன் ஆறு என்று காவிரியின் கிளைகள் பலவும் நம் பகுதி வழியாகத்தான் கடலுக்குப் போகின்றன. அவற்றின் வாய்க்கால்களை நம்பித்தான் ஊருக்கு ஊர் குளம் வெட்டினார்கள். 2019-இல் மாவட்ட நிர்வாகம் 'நம் நீர்' என்ற திட்டத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட குளங்களைத் தூர் வாரியது. நிலத்தடி நீருக்காகச் செய்த வேலை அது. ஆனாலும் தண்ணீர் நிற்கும் குளம் சுற்றியுள்ள தெருக்களின் பகல் சூட்டையும் குறைக்கும். கரையில் மரமும் இருந்தால் இன்னும் நல்லது. ஒரு பக்கம் இப்படித் தூர் வாரிவிட்டு, இன்னொரு பக்கம் குட்டையில் மண்ணைக் கொட்டி மனை ஆக்கினால் என்ன நியாயம்? வாய்க்காலை அடைத்துவிட்டால் குளத்தை மூடவே தேவையில்லை. அது தானே செத்துப்போகும்.

வீடு கட்டக் கூடாது என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. ஆனால், மனைப் பிரிவு போடும்போது அங்கே உள்ள குட்டையும் வாய்க்காலும் அப்படியே இருக்க வேண்டும், பூங்கா என்று வரைபடத்தில் காட்டிய இடத்தில் உண்மையிலேயே மரம் இருக்க வேண்டும் என்பது என் கருத்து. இன்னொன்றும் எனக்குக் கோபம் தருகிறது. பள்ளி மைதானத்திலும் கோயில் வெளியிலும் 'சேறு ஆகிறது' என்று சொல்லி சிமெண்டுக் கல் பதிக்கிறார்களே, அது! மரத்தின் அடிவரை சிமெண்டுப் பூசி மூச்சை அடைக்கிறார்கள். மழைக்காலத்துச் சேற்றைக் கழுவிக்கொள்ளலாம். ஏப்ரல் மாதத்தில் அந்தக் கல்லில் செருப்பில்லாமல் நின்று பாருங்கள், தெரியும்.

பழைய காலத்தார் கூரை விஷயத்தில் நம்மைவிடச் சாமர்த்தியசாலிகள். கனமான சுவர், நாட்டு ஓடு, நடுவில் முற்றம், மேலே வெள்ளைச் சுண்ணாம்பு. கருப்பான தார், தன் மேல் விழும் ஒளியில் பெரும்பகுதியை விழுங்கிவிடும். புதிதாகச் சுண்ணாம்பு அடித்த மொட்டைமாடியோ பாதிக்கு மேல் திருப்பி அனுப்பிவிடும். குஜராத்தில் அகமதாபாத் நகரம் 2010-ஆம் ஆண்டு வெப்ப அலையில் ஏராளமானவர்களைப் பலிகொடுத்தது. அதற்குப் பிறகு 2013-இல் வெப்பத்தைச் சமாளிக்கத் தனித் திட்டமே போட்டார்கள். பின்னர் ஏழைகளின் வீட்டுக் கூரைகளுக்கு வெள்ளையடிக்கவும் தொடங்கினார்கள். நம் ஊர்ப் பெயருக்கு, 'காரை என்றால் சுண்ணாம்புச் சாந்து, கால் என்றால் வாய்க்கால்' என்று பொருள் சொல்பவர்கள் உண்டு. அது சரியோ தவறோ, நமக்கு இப்போது வேண்டியவை அந்த இரண்டும்தான்!

2023 ஜூன் மாதம் வெயில் கொடுமையால் தமிழ்நாட்டிலும் புதுச்சேரியிலும் பள்ளித் திறப்பையே தள்ளி வைத்தார்கள். விடுமுறை கிடைத்தது என்று நீங்கள் துள்ளியிருப்பீர்கள். அடுத்த கோடை விடுமுறையில் ஒரு வாரம் இந்த வேலையைச் செய்யுங்கள். குளக்கரை, கடைத்தெரு, பள்ளி மைதானம் ஆகிய மூன்று இடங்களில், பிற்பகல் இரண்டு மணிக்கும் இரவு எட்டு மணிக்கும் வெப்பநிலையை அளந்து நோட்டில் எழுதுங்கள். இரவில் பெரியவர் ஒருவரைத் துணைக்கு அழைத்துக்கொள்ளுங்கள். நகராட்சிக்கோ உங்கள் கொம்யூன் பஞ்சாயத்துக்கோ ஒரு பிரதி எடுத்து, குளத்தையும் மரத்தையும் காக்கச் சொல்லி ஒரு கடிதத்துடன் அனுப்புங்கள். காய்ச்சல் பார்க்கும் வெப்பமானி இதற்கு உதவாது. அறிவியல் ஆசிரியரிடம் கேட்டு ஆய்வக வெப்பமானியை வாங்கிக்கொள்ளுங்கள். நிழலில், தோள் உயரத்தில் பிடித்து, ஐந்து நிமிடம் கழித்துப் பாருங்கள். குமிழில் விரல் படக்கூடாது.