சர்க்கரை நோயாளிக்கு "சத்து மாத்திரை" கை கொடுக்குமா?

சர்க்கரை வியாதி பணக்காரர்களின் வியாதி என்று ஒரு காலத்தில் சொன்னார்கள். இப்போது அப்படிச் சொல்ல முடியாது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் கணக்கு 2023-ம் ஆண்டு வெளிவந்தது. நம் நாட்டில் சுமார் 10 கோடிப் பேருக்கு இந்த வியாதி இருப்பதாக அது சொல்கிறது.

10 கோடி நோயாளிகள் என்றால், வியாபாரிக்கு 10 கோடி வாடிக்கைக்காரர்கள்!

மருந்துக் கடைக்குப் போய்ப் பாருங்கள். "ஆன்டி-ஆக்சிடன்ட்" என்று அச்சிட்ட டப்பாக்கள் அடுக்கி இருக்கும். "வாங்கலாமா, வேண்டாமா?" என்று பல வீடுகளில் கேள்வி எழுகிறது.

அடுப்பும் பொறியும்

அடுப்பில் அளவாக விறகு வைத்தால் நின்று எரியும். வாய் கொள்ளாமல் திணித்தால்? புகை கண்ணைக் கரிக்கும். பொறி பறக்கும்.

நம் உடம்பு கோடானு கோடி உயிரணுக்களால் ஆனது. அவற்றுக்குள்ளும் மிகச் சிறிய அடுப்புகள் உண்டு. சர்க்கரைதான் விறகு. மூச்சில் இழுக்கிற பிராண வாயு அதை எரிக்கிறது. அப்போது பொறி பறப்பது போல, சில முரட்டுத் துகள்கள் கிளம்புகின்றன. பக்கத்தில் இருப்பதை எல்லாம் அவை தாக்கிக் கெடுக்கும்.

பயப்பட வேண்டாம். இந்தப் பொறி எல்லோருக்கும் உண்டு. அதை அணைக்க உடம்பே காவல் போட்டு இருக்கிறது. அந்தக் காவலர்களில் ஒருவரை 1969-ம் ஆண்டு மெக்கார்டு, பிரிடோவிச் என்ற இரு அமெரிக்க விஞ்ஞானிகள் கண்டுபிடித்தார்கள். "குளுட்டாதயோன்" என்று இன்னொரு காவலரும் உண்டு.

சர்க்கரை நோயாளியின் கதைதான் வேறு. ரத்தத்தில் சர்க்கரை பெருகும்போது, பல உயிரணுக்கள் "போதும்" என்று கதவைச் சாத்திக் கொள்கின்றன. கண், சிறுநீரகம், நரம்பு ஆகியவற்றில் உள்ள சில உயிரணுக்களுக்குச் சாத்தத் தெரியாது. விறகு உள்ளே குவிகிறது. பொறியும் பெருகுகிறது. 2001-ம் ஆண்டு அமெரிக்க டாக்டர் மைக்கேல் பிரவுன்லீ இதை விளக்கி எழுதினார்.

போதாக்குறைக்கு, மிஞ்சிய சர்க்கரையை வேறு வழியில் மாற்றும் வேலையில், குளுட்டாதயோனைப் புதுப்பிக்க வேண்டிய பொருளும் செலவாகி விடுகிறது. திருடர்கள் கூடுகிறார்கள், காவலர்கள் குறைகிறார்கள். கண் மங்குவதும், கால் மரத்துப் போவதும் இதனால்தான் என்று டாக்டர்கள் கருதுகிறார்கள்.

டாக்டர்களும் நம்பினார்கள்

"அப்படியானால் வெளியில் இருந்து காவலரை அனுப்பலாமே?" என்று கேட்பீர்கள். டாக்டர்களும் அப்படித்தான் நினைத்தார்கள். நினைத்ததோடு நிற்காமல் சோதித்தும் பார்த்தார்கள்.

கேரளத்தில் பிறந்து கனடாவில் பணிபுரியும் டாக்டர் சலீம் யூசுப் தலைமையில் பெரிய சோதனை ஒன்று நடந்தது. மாரடைப்பு ஆபத்து உள்ள 9 ஆயிரத்துக்கு மேற்பட்டவர்கள் அதில் சேர்ந்தார்கள். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சர்க்கரை நோயாளிகள். பாதிப் பேருக்குத் தினமும் வைட்டமின் "ஈ" கொடுத்தார்கள். மற்றவர்களுக்கு மருந்தே இல்லாத வெறும் மாத்திரை. யாருக்கு எது என்பது கொடுத்தவருக்கும் தெரியாது; தின்றவருக்கும் தெரியாது.

சுமார் நாலரை ஆண்டு இப்படி நடந்தது. 2000-ம் ஆண்டு முடிவு வந்தது. மாரடைப்பிலும் மரணத்திலும் இரு கூட்டத்துக்கும் வித்தியாசமே இல்லை! பிறகும் பலரைத் தொடர்ந்து கவனித்தார்கள். வைட்டமின் தின்றவர்களிடம் இதயம் பலவீனமாவது சற்று அதிகம் என்று 2005-ல் தெரிந்தது.

ஏன் பலிக்கவில்லை? பொறி பறப்பது அடுப்புக்குள்ளே. நாம் தண்ணீர் தெளிப்பதோ வாசலில்! விறகு திணிப்பதும் நிற்கவில்லை.

விறகை உருவினால்?

அதற்கும் சோதனை உண்டு. இன்சுலின் போட்டே தீர வேண்டிய 1,441 பேரை வைத்து அமெரிக்காவிலும் கனடாவிலும் நடந்தது. 1993-ம் ஆண்டு முடிவு வெளிவந்தது. சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்தவர்களுக்குப் புதிதாகக் கண் நோய் வருவது 76 சதவீதம் குறைந்தது. எந்த டப்பாவும் இந்த அளவு சாதித்தது இல்லை.

நெல்லிக்காயும் கீரையும் தாராளமாகச் சாப்பிடுங்கள். அவை உணவு. "இதைத் தின்கிறேனே" என்று டாக்டர் கொடுத்த மாத்திரையை நிறுத்துவதுதான் ஆபத்து. உடம்பில் ஒரு வைட்டமின் குறைந்து இருக்கிறது என்று பரிசோதித்து அவரே எழுதிக் கொடுத்தால், அது வேறு விஷயம்.

இன்னொன்று. வைட்டமின் "சி" மிக அதிகமாக உடம்பில் ஏறினால், வீட்டில் ரத்தச் சர்க்கரை பார்க்கும் சில கருவிகள் தவறான கணக்குக் காட்டும். அதை நம்பி இன்சுலின் போட்டால் விபரீதம். ஏற்கெனவே டப்பா வாங்கி விட்டவர்கள், அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது அதையும் பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள்.