எலுமிச்சம்பழமும் ஜே.சி.பி.யும்

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடத்துக்கும், அங்கிருந்து வாலாஜாபாத் பக்கமாகவும் போகிறவர்கள் ஒரு காட்சியைக் கண்டிருக்கலாம். சாலை ஓரங்களில் மஞ்சள் வர்ணம் பூசிய மண் வெட்டும் யந்திரங்கள் வாடகைக்கு நிற்கின்றன. முன்னால் அள்ளும் வாளியும் பின்னால் தோண்டும் கையும் உடைய இந்த யந்திரத்தை, எந்தக் கம்பெனி செய்ததானாலும் சரி, நம் ஜனங்கள் ஜே.சி.பி. என்றே அழைக்கிறார்கள். அதன் நெற்றியைப் பார்த்தால் விபூதிப் பட்டை, சந்தனம், குங்குமம். கண்ணாடிக்கு மேல் ஏதோ ஒரு சாமி துணை. வாளியின் பல்லில் எலுமிச்சம்பழமும் பச்சை மிளகாயும். பின்புறத்தில் கண் திருஷ்டிப் பொம்மை. இத்தனை அலங்காரமும் உள்ள யந்திரத்தின் வாளியைக் கையால் பிடித்து ஆட்டிப் பார்த்தால், கிரீஸ் கண்டு எத்தனை நாளாயிற்றோ என்னும்படி பின்னும் புஷ்ஷும் கடகடவென்று ஆடுகின்றன.

இதைப் பற்றித்தான் இன்று எழுதத் துணிந்தோம். "யந்திரத்துக்குப் பொட்டு வைப்பதில் என்ன ஐயா நஷ்டம்? இதற்குமா சுயமரியாதைக்காரர்கள் சண்டைக்கு வரவேண்டும்?" என்று சிலர் கேட்கலாம். நஷ்டம் பொட்டில் இல்லை. பொட்டு வைத்துவிட்ட தைரியத்தில், பார்க்க வேண்டியதைப் பாராமலும் படிக்க வேண்டியதைப் படியாமலும் விடுகிறார்களே, அதில்தான் நஷ்டம் இருக்கிறது. அது பண நஷ்டத்தோடு நில்லாமல் பிராண நஷ்டத்திலும் போய் முடிகிறது.

குளம் வெட்டியது யார்?

ஸ்ரீபெரும்புதூர் என்றால் 1017-ல் ராமானுஜர் பிறந்த ஊர் என்று பெருமை பேசுவார்கள். அவ்வூருக்கு ஸ்தல புராணமும் ஒன்று உண்டு. சாபம் பெற்ற பூதங்கள் அங்கே வந்து தவம் செய்ததாகவும், அவைகள் முழுகி எழுவதற்காக ஆதிசேஷன் ஒரு குளத்தை உண்டாக்கிக் கொடுத்ததாகவும் அதில் சொல்லப்படுகிறது. குளத்தைப் பாம்பு வெட்டியதாம்! மண்வெட்டி பிடித்தவன் பெயர் புராணத்தில் இல்லை. கூடை சுமந்த பெண்ணின் பெயரும் இல்லை. இந்நாட்டு ஏரி, குளங்களை வெட்டியவர்களுக்கு ஒட்டர் என்று ஜாதிப் பெயர் வைத்து, அதிலும் மண் ஒட்டர், கல் ஒட்டர் என்று பிரித்து, ஊருக்கு வெளியே குடிசை போடச் சொல்லி, குழி அளந்து கூலி கொடுத்தார்கள். வெட்டியவன் கீழ்ஜாதி, முழுகியவன் மேல்ஜாதி, புகழ் பாம்புக்கு! இதுதான் நமது புராணங்களின் யோக்கியதை.

இன்னொரு நாட்டைப் பாருங்கள். இங்கிலாந்தில் ஜோசப் சிரில் பாம்போர்டு என்பவர் 1945-ல் ஒரு சிறு வாடகைக் கொட்டகையில் தொழில் தொடங்கினார். பிறர் உபயோகித்துத் தள்ளிய பற்றவைக்கும் கருவி ஒன்றை ஒரு பவுனுக்கு வாங்கி, யுத்தத்தில் மிஞ்சிய இரும்பைக் கொண்டு ஒரு டிரெயிலர் செய்து விற்றார். 1953-ல் அவருடைய பட்டறையிலிருந்து முன்னால் அள்ளி, பின்னால் தோண்டும் யந்திரம் வெளிவந்தது. ஜே.சி.பி. என்பது அவர் பெயரின் முதல் எழுத்துக்கள்.

அதே 1953-ல் நம் நாட்டில் என்ன நடந்தது? ராஜகோபாலாச்சாரியார் முதன்மந்திரியாயிருந்து, கிராமப் பிள்ளைகள் ஒரு வேளைதான் பள்ளிக்கூடம் போக வேண்டும், மற்ற வேளையில் தகப்பன் தொழிலைப் பழக வேண்டும் என்று ஒரு திட்டம் கொண்டுவந்தார். அதைக் குலக்கல்வி என்று நாம் எதிர்த்தோம். 1954-ல் காமராசர் அதை ஒழித்தார். அங்கே மண் வெட்டுகிறவனின் முதுகை நிமிர்த்த யந்திரம் செய்த வருஷத்தில், இங்கே மண் வெட்டுகிறவன் மகனும் மண்ணே வெட்டப் படிக்கட்டும் என்று சட்டம் செய்ய முயன்றார்கள். எலுமிச்சம்பழத்தால் யந்திரம் ஓடுமானால், அது பாம்போர்டின் கொட்டகைக்கு முன்னமே நம் கோவில் மண்டபத்தில் பிறந்திருக்க வேண்டாமா?

ஜாதகம் பார்ப்பவனும் மணி மீட்டர் பார்ப்பவனும்

நிற்க, இந்தப் பக்கத்தில் யந்திரம் வாங்குகிறவர்கள் யார்? இருங்காட்டுக்கோட்டையில் 1996-ல் கொரியாக்காரர் கார் தொழிற்சாலைக்கு வேலை தொடங்கினார்கள். ஒரகடத்தில் 2010-ல் கார் தொழிற்சாலையும், 2012-ல் லாரித் தொழிற்சாலையும் திறக்கப்பட்டன. சிப்காட்டுக்கு நிலம் கொடுத்த குடும்பங்கள் பல. தொழிற்சாலை என்றால் மேடு வெட்ட வேண்டும், பள்ளம் நிரப்ப வேண்டும், கால்வாய் தோண்ட வேண்டும். ஆகவே நிலத்தை விற்ற பணத்தில் மிஞ்சியதை முன்பணமாகக் கட்டி, பாக்கிக்குத் தவணைக் கடன் வாங்கி, லட்சக்கணக்கில் கொடுத்துப் பழைய யந்திரம் ஒன்றை வாங்குகிறார்கள். பழையது வாங்குவதில் யாதொரு கேவலமும் இல்லை. பாம்போர்டின் முதல் கருவியும் பழையதுதான். ஆனால் அந்தப் பணம் ஒரு குடும்பத்தின் கடைசி நிலம்.

இப்படிப்பட்டவர் முதலில் எங்கே போகிறார்? ஜோசியரிடம் போகிறார். யந்திரத்தின் மணி மீட்டரைப் பாராமல் தன்னுடைய ஜாதகத்தைப் பார்க்கிறார். மஞ்சள் வர்ணம் தனக்கு ஆகுமா, நம்பரின் கூட்டுத்தொகை எட்டு வரலாமா என்று கேட்கிறார். புரோகிதருக்குத் தட்சிணை, பூசணிக்காய், தேங்காய், கற்பூரம் என்று ஆயிரக்கணக்கில் கொட்டுகிறார். ஆனால் ஒரு நல்ல மெக்கானிக்குக்கு ஒரு நாள் கூலி கொடுத்து, "ஐயா, வந்து பார்த்துச் சொல்" என்று அழைத்துப்போக மட்டும் அவருக்கு மனம் வருவதில்லை.

பார்க்க வேண்டியது என்ன? விற்கிறவர் முன்கூட்டியே என்ஜினைச் சூடாக்கி வைத்திருப்பார். ஆதலால் காலையில் சொல்லாமல் போய், குளிர்ந்த என்ஜினைத் தொடங்கிப் பார்க்க வேண்டும். நீலப் புகை வந்தால் என்ஜின் ஆயிலை எரிக்கிறது என்று அர்த்தம். மணி மீட்டர் குறைத்துக் காட்டலாம். அதை ஏமாற்ற முடியும். ஆனால் தேய்ந்துபோன பெடலையும், கிழிந்த சீட்டையும், ஆடுகிற பின்னையும் ஏமாற்ற முடியாது. ஹைட்ராலிக் ஆயில் பால்போல வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. கையைத் தூக்கி நிறுத்தி, என்ஜினை அணைத்து, தூர நின்று கவனித்தால், அது தானே இறங்குகிறதா என்பது தெரியும். இறங்கினால் சிலிண்டரிலோ வால்விலோ ஒழுக்கு. தோண்டும் கை உடலோடு சேருமிடத்தில் புதிய வர்ணத்துக்கு அடியில் பற்றவைத்த தழும்பு இருக்கிறதா என்று தடவிப் பார்க்க வேண்டும். சேஸிஸ் நம்பரும் என்ஜின் நம்பரும் ஆர்.சி. புத்தகத்தோடு ஒத்திருக்க வேண்டும். பழைய கடன் தீர்ந்ததற்குக் கடன் கொடுத்தவரின் என்.ஓ.சி. வேண்டும். இல்லாவிட்டால் வேறொருவன் கடனுக்காக உங்கள் யந்திரத்தை ஓட்டிக்கொண்டு போய்விடுவார்கள். அப்போது நவக்கிரகம் வந்து சாவியைத் திரும்ப வாங்கித் தருமா என்று கேட்கின்றோம்.

இன்னொன்றும் கேட்கின்றோம். ராகு காலம் ஒன்றரை மணி, எமகண்டம் ஒன்றரை மணி. இவைகளில் வேலை தொடங்கக்கூடாது என்றால், பகல் பன்னிரண்டு மணியில் மூன்று மணி போயிற்று. மணிக் கணக்கில் வாடகை வாங்கும் யந்திரத்துக்குக் கால் பங்கு வரும்படி நஷ்டம். கடன் கொடுத்தவன் ராகு காலத்துக்கு வட்டி போடாமல் விடுகிறானா?

பிரம்படி பட்ட கடவுள்

மண் வேலையைப் பற்றி நம் புராணிகர்களே எழுதி வைத்த கதை ஒன்று உண்டு. மதுரையில் வைகைக் கரை உடைந்தபோது, பிட்டுக்கு மண் சுமக்கச் சிவபெருமான் கூலியாளாக வந்தாராம். பிட்டைத் தின்றுவிட்டு, மண்ணைச் சரியாகப் போடாமல் ஆடிப்பாடிப் படுத்துத் தூங்கினாராம். பாண்டியன் பிரம்பால் அடித்தானாம். ஒரு கூடை மண்ணை ஒழுங்காகச் சுமக்கத் தெரியாமல் அடி வாங்கியவர் என்று அவரை வருணிப்பவர்களும் அவர்களே, ஏழு, எட்டு டன் எடையுள்ள மண் யந்திரத்தைக் காப்பாற்ற அவரையே கூப்பிடுகிறவர்களும் அவர்களே! இதைவிடக் கடவுளுக்கு வேறு அவமரியாதை வேண்டுமா?

யந்திரம் எதனால் மண்ணைத் தூக்குகிறது? அடைத்து வைத்த திரவத்தின் ஓரிடத்தில் அழுத்தினால் அந்த அழுத்தம் எல்லா இடத்துக்கும் ஒரே அளவாகப் பரவும் என்று 17-ம் நூற்றாண்டில் பாஸ்கல் என்ற பிரெஞ்சுக்காரர் கண்டறிந்தார். ஒரு சதுர அங்குலத்தில் பத்துப் பவுண்டு அழுத்தினால், நூறு சதுர அங்குலத்தில் ஆயிரம் பவுண்டு தூக்கலாம். இதுதான் ரகசியம். இதில் மந்திரமும் இல்லை, மறைபொருளும் இல்லை. பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்கும் விளங்கும். யந்திரத்தோடு கொடுக்கும் கைப்புத்தகத்தில் பத்து மணிக்கு ஒரு தரம் பார்க்க வேண்டியது, ஐம்பது மணிக்கு ஒரு தரம் பார்க்க வேண்டியது, ஐந்நூறு மணிக்கு ஒரு தரம் மாற்ற வேண்டியது என்று பட்டியல் இருக்கிறது. கிரீஸ் இருக்கிறது, ஆயில் இருக்கிறது, பில்டர் இருக்கிறது. எலுமிச்சம்பழம் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று யாராவது காட்டட்டும்.

புதிய குருகுலம்

இனி, ஓட்டப் பழகும் விஷயம். இதில் நடப்பது அதைவிடப் பெரிய கொடுமை. ஹெல்பர் என்று ஒரு பையனைச் சேர்த்துக்கொள்ளுகிறார்கள். அவன் யந்திரத்தைக் கழுவ வேண்டும், கிரீஸ் அடிக்க வேண்டும், ஆப்பரேட்டருக்கு டீ வாங்கி வரவேண்டும், இரவில் யந்திரத்தின் அடியில் படுத்துக் காவல் காக்க வேண்டும். ஒரு வருஷம், இரண்டு வருஷம் இப்படி ஊழியம் செய்தால், அண்ணனுக்கு மனம் இரங்கியபோது லிவரைத் தொடவிடுவார். ஏகலைவனிடம் கட்டைவிரலைக் கேட்டார்கள். இவனிடம் இரண்டு வருஷ வாலிபத்தைக் கேட்கிறார்கள். அதற்குள்ளும் ஜாதி புகுந்துகொள்ளுகிறது. சீட்டில் உட்கார நம்மாள், பள்ளத்துக்குள் இறங்கி மண்ணைச் சமன் செய்யச் சேரிப்பையன் என்று பிரிக்கிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். லிவருக்கு ஜாதி தெரியாது. லிவரைப் பிடித்திருப்பவனுக்குத் தெரிகிறது.

இப்படித் திருட்டுத்தனமாகக் கற்றவனுக்குக் கை பழகுகிறதே தவிர, காரணம் தெரிவதில்லை. பின்னால் தோண்டும்போது இரண்டு பக்கத் தாங்கு கால்களையும் ஊன்றி, முன்வாளியையும் தரையில் வைக்க வேண்டும். ஏன் என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை. கை சுழலும் வட்டத்துக்குள் மனிதர் நிற்கக்கூடாது, மேலே மின்கம்பி இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும், தோண்டிய மண்ணைப் பள்ளத்தின் விளிம்பிலேயே குவித்தால் கரை சரிந்து உள்ளே நிற்பவனை மூடும் என்பவைகளையும் சொல்லவில்லை. ஹைட்ராலிக் ஹோஸில் ஊசித் துவாரம் விழுந்தால் கையால் தடவக்கூடாது, அந்த வேகத்தில் ஆயில் தோலைத் துளைத்து உள்ளே போகும், அட்டையைக் காட்டித்தான் பார்க்க வேண்டும் என்பதையும் சொல்லவில்லை. விபத்து நேர்ந்தால், "அவன் விதி" என்பார்கள். விதி என்பது சொல்லிக்கொடுக்காதவனும் முதலாளியும் தப்பித்துக்கொள்ளக் கண்டுபிடித்த சொல்லேயன்றி வேறல்ல.

யந்திரம் எங்கே போகிறது, மனிதன் எங்கே இறக்கப்படுகிறான் என்பதையும் பாருங்கள். கழிவுநீர்த் தொட்டிக்குக் குழியை ஒரு காலைப்பொழுதில் யந்திரம் தோண்டிவிடுகிறது. அந்தத் தொட்டி நிறைந்தபின் சுத்தம் செய்ய மனிதனை இறக்குகிறார்கள். 2013-ல் இதைத் தடுக்கச் சட்டம் வந்தபின்பும், 2022 அக்டோபரில் இதே ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்தில் தொட்டிக்குள் மூன்று பேர் மாண்டார்கள். இப்படிச் செத்தால் முப்பது லட்சம் கொடுக்க வேண்டும் என்று 2023-ல் சுப்ரீம் கோர்ட்டு சொல்லிற்று. யந்திரம் இல்லாமல் அல்ல அவர்கள் இறந்தது. இந்த வேலைக்கு இந்த ஜாதி இருக்கும்போது யந்திரம் எதற்கு என்ற வருணாசிரம புத்தியால் இறந்தார்கள்.

செய்ய வேண்டியது

ஆகவே தோழர்களே! யந்திரம் வாங்குங்கள். கடன் தாங்குமானால் பழையதையே வாங்குங்கள். ஆனால் புரோகிதருக்குக் கொடுப்பதை மெக்கானிக்குக்குக் கொடுங்கள். ஆயுத பூஜைக்குச் செலவழிப்பதை பில்டருக்கும் ஆயிலுக்கும் செலவழியுங்கள். நடுரோட்டில் பூசணிக்காய் உடைத்து, இரவு ஷிப்டு முடிந்து இரண்டு சக்கர வண்டியில் வரும் தொழிலாளியை வழுக்கி விழச் செய்யாதீர்கள். ஓட்டுவதை முறையாகக் கற்றுக்கொள்ளுங்கள். மண் யந்திரம் ஓட்டுவதற்கென்றே பாடமும் பரீட்சையும் சர்ட்டிபிகேட்டும் ஏற்பட்டிருக்கின்றன. சர்க்கார் திறன் பயிற்சி நிலையங்களில் விசாரியுங்கள். சாலையில் ஓட்டுவதற்கு உரிய லைசென்ஸ் எடுங்கள். ஹெல்பர் பையனுக்கு முதல் நாளிலிருந்தே கூலி கொடுங்கள். தினம் ஒரு மணி லிவரையும் கொடுங்கள். அவன் எந்தத் தெருவிலிருந்து வருகிறான் என்று கேளாதீர்கள். பெண் வந்து கேட்டாலும் சொல்லிக்கொடுங்கள். கூடையில் மண் சுமக்கலாம், லிவர் பிடிக்கக்கூடாது என்று எந்த யந்திரமும் சொல்லவில்லை.

பரம்பரையாக மண்வெட்டி பிடித்தவனுடைய மகன் அந்த சீட்டில் உட்கார்ந்து, ஒவ்வொரு லிவரும் எதைச் செய்கிறது, ஏன் செய்கிறது என்று தெரிந்து இயக்குவானேயானால், ஆயிரம் வருஷமாக அவன் தலையில் ஏற்றிவைத்த ஜாதி மண் கூடை அன்றைக்குத்தான் கீழே இறங்கும். அதற்கு நல்ல நாள் பார்க்க வேண்டியதில்லை.