முற்றத்துக் கோழியும் நம் கையிலுள்ள கத்தியும்



ஞாயிற்றுக்கிழமை காலையில் கறிக்கடை வாசலில் நாம் அனைவரும் நின்றிருக்கிறோம். கூண்டுக்குள் நுழையும் கை ஒரு கோழியைக் காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்குகிறது, தராசில் போடுகிறது, கழுத்தில் கத்தியை ஓட்டுகிறது, உயிர் அடங்கும் முன்னரே பீப்பாய்க்குள் எறிகிறது. அடுத்த கோழி அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. நாமோ கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். ‘பிஸ்மில்லாஹ் சொல்லி அறுத்தாரா?’ என்பதே நம்மில் பேணுதல் உள்ளவர்களின் கேள்வி. அது அவசியமான கேள்விதான். ஆனால் மார்க்கம் நம்மிடம் கேட்பது அவ்வளவு மட்டும்தானா?

ஷத்தாத் இப்னு அவ்ஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கும் நபிமொழி ஸஹீஹ் முஸ்லிமில் உள்ளது. எதைச் செய்தாலும் அழகுறச் செய்வது கடமை என்ற பொதுவிதியைக் கூறிய நபி (ஸல்) அவர்கள், அதற்கு எடுத்துக்காட்டாக அறுத்தலையே சுட்டினார்கள். கத்தியைத் தீட்டிக்கொள்ளவும், அறுபடும் பிராணிக்கு நிம்மதி தரவும் பணித்தார்கள். உயிரை எடுக்கும் அந்த நொடியில்கூட இஹ்ஸானை விட்டுவிட நமக்கு அனுமதியில்லை.

இதனால்தான், இடமுள்ள குடும்பங்கள் நான்கைந்து கோழிகளையாவது வீட்டில் வளர்த்து, வீட்டிலேயே அறுத்து உண்ண வேண்டும் என்று நாங்கள் கருதுகிறோம். கடைக்கறி ஹராம் என்பது எங்கள் வாதமன்று. தங்களிடம் கொண்டுவரப்படும் இறைச்சியில் அல்லாஹ்வின் பெயர் கூறப்பட்டதா எனத் தெரியாமல் சிலர் கேட்டபோது, அவர்களே பெயர் கூறி உண்ணுமாறு நபி (ஸல்) அவர்கள் சொன்னதை ஆயிஷா (ரலி) அவர்கள் வழியாகப் புகாரி பதிவு செய்துள்ளார். முஸ்லிம் கடைக்காரரைச் சந்தேகிப்பது நம் வேலையன்று. நம் தட்டில் விழும் உயிருக்கு நாமும் பொறுப்பாளிகள் என்பதை மறந்துவிட்டோமே என்பதுதான் எங்கள் கவலை.

கறிக்கோழி ஏறத்தாழ ஆறு வாரத்தில் இரண்டு கிலோவை எட்டிவிடுகிறது. நாட்டுக்கோழிச் சேவல் கறிக்கு ஆக ஐந்தாறு மாதங்கள் ஆகும். அடைக்கோழியின் கீழ்ப் பத்துப் பன்னிரண்டு முட்டைகளை வைத்து இருபத்தொரு நாள் காத்திருக்க வேண்டும். பொரித்த குஞ்சுகளைப் பருந்திடமிருந்தும் கீரியிடமிருந்தும் காக்க வேண்டும். பொழுது சாய்ந்ததும் எண்ணிப் பார்த்துப் பஞ்சாரத்தில் கவிழ்க்க வேண்டும். குருணையும் கம்பும் தவிடும் கீரைக்கழிவும் போட்டு வளர்த்த வீட்டில், எலும்பில் பாதிக் கறியோடு தட்டைத் தள்ளிவிட எவருக்கும் மனம் வராது.

எங்கள் வீட்டில் நடந்ததையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். முதலாம் ஆண்டு தடுப்பு மருந்து கொடுக்காமல் அலட்சியமாக இருந்தோம். வெள்ளைக்கழிச்சல் வந்து ஒரே வாரத்தில் ஒன்பது கோழிகள் போயின. தலை தொங்கி நின்றவற்றைச் சாகும் முன் அறுத்துவிடலாம் என்று அக்கம்பக்கத்தார் கூறினர். ஊரில் அதுதான் வழக்கமாம். நாங்கள் அறுக்கவில்லை. நோயுற்றதைப் பிள்ளைகளுக்குச் சமைத்துப் போடவும், அண்டை வீட்டுக்குக் கொடுக்கவும் மனம் ஒப்பவில்லை. சுண்ணாம்பு தூவி ஆழப் புதைத்தோம். இப்போது முதல் வாரத்தில் சொட்டு மருந்தும், எட்டாவது வாரத்தில் ஊசியும் தவறுவதில்லை. கால்நடை மருந்தகத்தில் கேட்டால் வழி சொல்வார்கள்.

அடுத்த ஆண்டு வேறொரு சோதனை. அறுக்கவிருந்த சேவலை எங்கள் இளைய மகள் அரிசிப் பானைக்குப் பின்னால் ஒளித்து வைத்துவிட்டாள். அவளை அதட்டவில்லை. அல்லாஹ் நமக்கு ஆகுமாக்கியிருப்பதை அவளுடைய வாப்பா பொறுமையாக எடுத்துச் சொன்னார். அன்று அவள் சோற்றில் ரசம் மட்டும் ஊற்றிக்கொண்டாள். அவளுடைய அந்த இரக்கம் பிழையென்று எங்களால் சொல்ல முடியவில்லை. கோழியைக் கட்டிவைத்து அம்பெய்து விளையாடிய இளைஞர்களை இப்னு உமர் (ரலி) அவர்கள் கண்டித்தார்களே, அந்தக் கண்டிப்பின் வேரிலும் இரக்கம்தானே இருக்கிறது? உண்ண அனுமதித்த மார்க்கமே இரங்கவும் கட்டளையிடுகிறது. இவ்விரண்டையும் ஒருசேரக் கற்க வீட்டு முற்றத்தைவிடச் சிறந்த மதரஸா ஏது?

இன்னொன்றையும் பேசியாக வேண்டும். ஆண்கள் வளைகுடாவில் இருக்கும் வீடுகளில், கோழியைக் கையில் பிடித்துக்கொண்டு மோதினார் வரும்வரையோ, தெருவில் ஒரு பையன் தென்படும்வரையோ பெண்கள் காத்து நிற்கிறார்கள். பெண் அறுத்தால் கூடாது என்ற எண்ணம் நம் ஊர்களில் வேரூன்றிவிட்டது. கஅப் இப்னு மாலிக் (ரலி) அவர்களின் ஆடுகளை மேய்த்த பணிப்பெண், சாகும் தறுவாயில் இருந்த ஆட்டைக் கூரிய கல்லால் அறுத்தார். அதை உண்ணுமாறு நபி (ஸல்) அவர்கள் கூறியதும் புகாரியில் உள்ள செய்திதான். நம் பெண்மக்களுக்கும் இதை முறையாகக் கற்றுக்கொடுப்போம்.

முறை கடினமானதன்று. முந்தின இரவு தீவனத்தை நிறுத்துங்கள். தண்ணீரை நிறுத்த வேண்டாம். குப்பையில் மேய்ந்த கோழியானால் சில நாள் அடைத்துத் தூய தீனி கொடுங்கள். இப்னு உமர் (ரலி) அவர்கள் மூன்று நாள் அடைத்து வைத்ததாகச் செய்தி உண்டு. மருந்து கொடுத்திருந்தால் மருத்துவர் சொல்லும் நாள்கள் கழியட்டும். கத்தியை முன்கூட்டியே, கோழியின் கண்ணில் படாமல் தீட்டிக்கொள்ளுங்கள். மற்றக் கோழிகளின் எதிரில் அறுக்காதீர்கள். இறக்கைகளை இதமாகச் சேர்த்துப் பிடித்து, கிப்லாவை நோக்கி, ‘பிஸ்மில்லாஹி அல்லாஹு அக்பர்’ எனக் கூறி, மூச்சுக்குழலும் உணவுக்குழலும் இருபுற இரத்த நாளங்களும் அறுபட விரைந்து அறுங்கள், தலையைத் துண்டிக்காதீர்கள். துடிப்பு முழுவதும் அடங்கும்வரை இறகில் கை வைக்க வேண்டாம். அதன் பிறகே வெந்நீர். கொதிக்கும் நீரில் போட்டால் தோல் வெந்து கிழியும். கை பொறுக்காத சூட்டில் சிறிது நேரம் முக்கினால் போதும். இறகு களைந்து, மஞ்சள் பூசித் தீயில் வாட்டி, பித்தப்பை உடையாமல் குடலை எடுங்கள்.

இது மலிவானதா என்று கேட்டால், இல்லை என்பதே உண்மை. தீவனத்தையும் உழைப்பையும் கணக்கிட்டால் கடைக்கறியே மலிவு. அடுக்குமாடியில் குடியிருப்போருக்கு இது இயலாது. இயன்றோரும் அண்டை வீட்டாரின் உரிமையை மறந்துவிடக் கூடாது. அவர்கள் தோட்டத்தைக் கிளறும் கோழியும், வாய்க்காலில் எறியப்படும் குடலும் இறகும் நமக்கு நன்மையைத் தேடித் தரா. கழிவைக் குழி வெட்டிப் புதைப்பதும், கறியில் ஒரு பங்கை அடுத்த வீட்டுக்கு அனுப்புவதும் இவ்வளர்ப்பின் பகுதிகளே.

வளர்க்க இயலாதோர் கடைக்காரரிடம் ஒரு சொல் சொல்லலாம்: ‘பாய், உயிர் அடங்கிய பிறகு போடுங்கள், நாங்கள் காத்திருக்கிறோம்.’ அவர் அவசரப்படுவது பெரும்பாலும் நம் அவசரத்துக்காகவே.

அன்று சேவலை ஒளித்து வைத்த மகள் இப்போது மாலைதோறும் கோழிகளை எண்ணி அடைக்கிறாள். சென்ற மாதம் அவளுடைய உம்மா அறுத்தபோது, அருகில் நின்று தண்ணீர்க் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டாள். அன்றும் அவள் கறி உண்ணவில்லை, நாங்களும் வற்புறுத்தவில்லை.

ஹலாலானதை உண்ணவும், உண்பதை இஹ்ஸானோடு பெறவும் வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தவ்ஃபீக் செய்வானாக. ஆமீன்.